ஐந்து வயதுக்காரியின் ஆகஸ்ட் 15

சேலத்தில் ஆகஸ்ட் 15 ஆடி மாதத்தின் கடைசி நாள்களில் வருகிறது. கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊர் முழுவதும் பண்டிகை சாட்டி, பொங்கல் வைத்து, குகையில் சாமி வேடம் கட்டியவர்கள் வண்டிகளில் வலம் வரும் வண்டி வேடிக்கையையும் பார்த்து முடித்த களைப்பு தீர்வதற்குள், கடைவீதிகளில் மூவர்ணக் கொடிகள் தொங்கத் தொடங்கிவிடும். ஆகவே, யு.கே.ஜி. படிக்கும் என் மகள் அந்தக் கொடிகளைக் கண்டதும், "இது எந்தச் சாமிக்கு நோம்பி?" என்று கேட்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் அறிந்தவரை ஊரே சேர்ந்து கொண்டாடும் நாள் என்றால் அது நோம்பிதான். அதில் யாரேனும் வேடம் கட்டி வருவார்கள். கடைசியில் தின்பதற்கு ஏதாவது கிடைக்கும். பள்ளியிலிருந்தும் மாறுவேடப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்திருந்ததால் அவளுடைய கணக்கு முற்றிலும் சரியாகவே இருந்தது.

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம். வெள்ளைக்காரன் வந்தான், ஆண்டான், போனான் என்று கதை சொன்னால், அதை அவள் அரக்கன் கதைகளோடு சேர்த்து வைத்துக்கொள்வாள். எழுதிக் கொடுத்த ஆங்கில உரையை மனப்பாடம் செய்ய வைத்தால், மேடையிலிருந்து இறங்கும்போதே மறந்துவிடுவாள். அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளின் பொருள் புரிய வேண்டுமானால், அந்த நாளில் அவள் கைக்கு ஒரு வேலை வேண்டும். அவள் கண்முன்னே பெரியவர்கள் அந்த நாளுக்குரிய காரியத்தை உண்மையாகவே செய்ய வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு வாய்ப்புகள் நிறையவே இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாறுவேடத்திற்குக் கொடி காத்த குமரனைத் தேர்ந்தெடுத்தோம். வாடகைக் கடைகளில் ஜான்சி ராணி உடையும் வேலு நாச்சியார் உடையும் கிடைக்கின்றன. ஆனால் அட்டை வாளையும் பொய்க் கிரீடத்தையும் ஒரு மணி நேரம் சுமப்பதைவிட, நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை அவள் அறிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது. சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமரன், 1932 ஜனவரியில் திருப்பூரில் தடையை மீறி நடந்த ஊர்வலத்தில் காவலர்களின் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. ஜனவரி 11 அன்று உயிர் நீத்தபோது அவருக்கு வயது 27. வேடத்திற்குத் தேவையானவை ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கதர்க் குல்லாய், ஒரு கொடி, அவ்வளவுதான்.

கொடியில்தான் ஒரு சிக்கல் இருந்தது. குமரன் பிடித்திருந்தது இன்றைய தேசியக் கொடியன்று. காங்கிரஸ் 1931-இல் ஏற்றுக்கொண்ட கொடியில் காவி, வெள்ளை, பச்சை ஆகிய நிறங்களுக்கு நடுவே இராட்டை இருந்தது. அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று ஏற்ற கொடியில்தான் இராட்டையின் இடத்திற்குச் சாரநாத் தூணின் சக்கரம் வந்தது. எனவே காகிதக் கொடியை நாங்களே செய்வது என்று முடிவாயிற்று. இராட்டை எப்படி இருக்கும் என்று மகள் கேட்டாள். அம்மாபேட்டையில் என் அம்மாவின் வீட்டில் இன்றும் ஓர் இராட்டை இருக்கிறது. தறி ஓட்டிய காலம் போய்விட்டாலும், பக்கத்து வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கும், அதாவது ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றித் தரும், வேலையை அம்மா விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் தன் அம்மாயியின், அதாவது என் அம்மாவின், மடியில் உட்கார்ந்துகொண்டு இராட்டையைச் சுற்றினாள். சக்கரம் மெதுவாகச் சுற்ற, தார்க்குச்சி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. அம்மாயி இரு விரல்களுக்கு இடையே நூலை விட்டுப் பிடிக்க, அது குச்சியின் மீது இப்படியும் அப்படியும் நகர்ந்து நடுவில் பருத்து ஏறியது. மகள் வேகமாகச் சுற்றியதும் நூல் அறுந்தது. அம்மாயி திட்டவில்லை, இரு முனைகளையும் எச்சில் தொட்டு முறுக்கி முடிந்துவிட்டு, "கை அவசரப்பட்டா நூலு தாங்காது சாமி, மெல்லச் சுத்து" என்றார். பிறகு இருவருமாக வெள்ளைக் காகிதத்தில் அந்த இராட்டையை வரைந்தார்கள். பிடி, சக்கரம், கதிர், கயிறு என்று எதையும் விடாமல் வரைந்ததில் படம் காவி நிறத்துக்குள்ளும் பச்சைக்குள்ளும் நீண்டுவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அடிச்சாங்கன்னா வலிக்குமே, ஏன் கொடிய கீழ வெக்கல?" என்று அவள் கேட்டது அன்றிரவுதான். குழந்தைக்கு இரத்தத்தை விவரிக்க வேண்டியதில்லை. அதே சமயம் பொய்யும் சொல்லக் கூடாது. "அந்தக் கொடியை எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்று சொன்னார்கள். நம் தெருவில் நாம் ஏன் நடக்கக் கூடாது என்று அவர் கேட்டார். கீழே வைத்தால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா?" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அவங்க அம்மா அழுதாங்களா?" என்றாள். அழுதிருப்பார்கள் என்றேன். ஒரு போராட்டத்தைப் பற்றிக் கேட்பதற்கு இதைவிடச் சரியான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஏற்றும் கொடியைக் கதர்க் கடையில் வாங்கினோம். கொடி விதித் தொகுப்பில் 2021 டிசம்பரில் செய்த திருத்தத்திற்குப் பிறகு பாலியஸ்டர் கொடிகளும் இயந்திரத்தில் நெய்தவையும் அனுமதிக்கப்பட்டுவிட்டன; 2022 முதல் இரவிலும் கொடி பறக்கலாம். ஏழை வீட்டிலும் கொடி பறக்க வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. இருந்தும், நெசவாளர் ஊரில் வாழ்ந்துகொண்டு, கைத்தறி வாங்கும் வசதியுள்ளவர்கள் பாலியஸ்டர் கொடியைக் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. கதர்த் துணியைக் குழந்தை தொட்டுப் பார்க்கும்போது, சொரசொரப்பில் இழைகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. அம்மாயி சுற்றிய நூல் எங்கே போகிறது என்பதை அவளால் ஊகிக்க முடிகிறது.

சக்கரத்தின் ஆரங்களை எண்ணுவது ஒரு மாலை முழுவதும் நடந்தது. அவளுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியும்; ஆனால் வட்டத்தில் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோய், முப்பது, முப்பத்தாறு என்று போய்க்கொண்டே இருந்தாள். தொடங்கும் ஆரத்தின் மீது இடது கைவிரலை வைத்துக்கொள் என்று சொன்னதும் 24-இல் வந்து நின்றது. அதற்குப் பிறகு கண்ணில் பட்ட கடைக் கொடிகளையெல்லாம் எண்ணத் தொடங்கி, ஒரு பிளாஸ்டிக் கொடியில் பதினாறே இருப்பதைக் கண்டுபிடித்துக் கடைக்காரரிடமே சொல்லிவிட்டாள். அவர் அந்தக் கட்டை எடுத்து உள்ளே வைத்தார்.

எங்கள் தெருவில் கொடி கட்டுபவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். முந்தைய நாள் மாலையே கம்பத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். குழந்தைகளைக் கிட்டவே சேர்க்காத மனிதர் என்று பெயர் வாங்கியவர், இந்த முறை என் மகளை அழைத்து, "நீ பச்சைப் பக்கம் புடி, தரையில படக் கூடாது" என்று ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகுமாறு நீளவாக்கில் மடித்தார். பிறகு இரு ஓரங்களையும் நடுவை நோக்கி மடித்ததில் சக்கரமும் காவி, பச்சையின் ஒரு பகுதியும் மட்டும் மேலே தெரிந்தன. கொடியை எடுத்து வைக்கும்போது மடிக்க வேண்டிய முறை இது என்று காட்டிவிட்டு, அதை அவளுடைய இரு உள்ளங்கைகளிலும் வைத்துக் கம்பம் வரை நடந்து போகச் சொன்னார். அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்து, ஏற்றுவதற்காக அதைப் பிரித்து, நடுவில் செவ்வந்தி, ரோஜா இதழ்களை வைத்துச் சுருட்டிக் கட்டினார். கொடியில் எந்தப் பொருளையும் பொதிந்து வைக்கக் கூடாது என்னும் விதி, தேசிய விழாக்களில் பூவிதழ்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. முடிச்சுதான் அவருடைய கைவண்ணம். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, முனையை முழுவதும் உருவாமல் மடிப்பாகவே உள்ளே நுழைத்து இறுக்கினார். மேலே போகும் வரை அசையாது, கீழிருந்து ஒரு முனையைச் சுண்டினால் முழுவதும் அவிழ்ந்துவிடும். மகளைக் கொண்டு சுண்டிப் பார்க்கச் செய்தார். இதழ்கள் அவள் மடியில் கொட்டின. மீண்டும் பொறுக்கி, மீண்டும் கட்டி, மீண்டும் சுண்டி என்று இருட்டும் வரை அந்த விளையாட்டு நடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொடி விரிந்தபோது எல்லாரும் மேலே பார்த்தார்கள். அவள் மட்டும் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்டுப்பண் பாடும் 52 வினாடிகளும் அசையாமல் நின்றாள். நான்கு வயதில் அது அவளால் முடிந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு காந்தி மைதானத்திற்குத்தான் அழைத்துப் போயிருந்தோம். மாவட்ட ஆட்சியர் கொடியேற்றுவது, காவல்துறை அணிவகுப்பு, மூவர்ண பலூன்கள், பள்ளி மாணவர்களின் கலைநிகழ்ச்சி எல்லாம் ஒழுங்காக நடந்தன. சிறு குழந்தையோடு போகிறவர்கள் சீக்கிரமே போய் நிழலுள்ள பக்கம் இடம் பிடித்துவிட வேண்டும். தண்ணீர் கையில் இருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும் குழந்தைக்கு அது தொலைக்காட்சியில் பார்ப்பதிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை என்பதால், எங்கள் மனத்தில் நின்றது மைதானமல்ல; மதியம் கோயிலில் உண்ட பொது விருந்து.

சுதந்திர தினத்தன்று தமிழகத்தின் பெரிய கோயில்களில் அறநிலையத் துறை பொது விருந்து நடத்துகிறது. பந்தியில் யார் பக்கத்தில் யார் என்ற கணக்கில்லாமல் அனைவரும் உட்கார்ந்து உண்பதே அதன் நோக்கம். எங்கள் இடப்பக்கத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி அம்மா, வலப்பக்கத்தில் வங்கி அதிகாரி ஒருவரின் குடும்பம். வடையை உள்ளங்கையில் வைத்து அழுத்தி நொறுக்கிப் பாயசத்தில் போட்டுச் சாப்பிடும் வித்தையை அந்த அம்மாதான் என் மகளுக்குக் கற்றுக் கொடுத்தார். இப்படி உட்காருவது எளிதாக வந்ததன்று. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அதற்குச் சட்டத்தின் காவலைத் தந்தது அப்போது சென்னை மாகாணத்தை ஆண்ட இராஜாஜியின் அரசு. அந்த இராஜாஜி 1917 முதல் 1919 வரை எங்கள் சேலத்தின் நகராட்சித் தலைவராக இருந்தவர். மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் வந்தது 1947-இல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில். வெள்ளைக்காரன் போனதை மட்டும் சொல்லி, நம்மவர்களே நம்மவர்களுக்குப் பூட்டி வைத்திருந்த கதவுகளைச் சொல்லாமல் விடுவது குழந்தைக்குச் செய்யும் துரோகம் என்று நான் கருதுகிறேன். "முன்பெல்லாம் இந்த அம்மாவைக் கோயிலுக்குள் விட்டிருக்க மாட்டார்கள்" என்று பிறகு வீட்டில் சொன்னபோது, மகள் அதை நம்பவே இல்லை. "அவங்க நல்லவங்கம்மா, எனக்கு அப்பளம் குடுத்தாங்க" என்று எனக்கு எடுத்துச் சொன்னாள்.

ஊரின் இன்னொரு பெரியவரான சேலம் விஜயராகவாச்சாரியாரைப் பற்றி அவளிடம் இன்னும் பேசவில்லை. 1882 கலவர வழக்கில் பத்தாண்டுத் தண்டனை பெற்று, உயர் நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று விடுதலையாகி, 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அவருடைய வாழ்க்கை ஐந்து வயதுக்கு ஏற்றதன்று. பத்து வயது வரட்டும்.

இந்த ஆண்டு தெருவில் கொடியேற்றியதும் ஏற்காட்டுப் பேருந்தைப் பிடித்தோம். மலையிலுள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் என் தோழி ஆசிரியையாகப் பணிபுரிகிறாள். ஆகஸ்ட் 15 என்றாலே அடிவாரத்திலிருந்து வண்டிகள் வரிசை கட்டிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஊர்ந்தே கடந்தோம். ஏரிக்குப் போன கூட்டம் ஏரிக்குப் போக, நாங்கள் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கிராமத்துச் சாலையில் இறங்கினோம். பள்ளி மைதானத்தில் மஞ்சு இறங்கிக் கொடிக்கம்பத்தின் பாதியை மறைத்திருந்தது. தூறலில் நனைந்த கொடி பறக்காமல் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதன் மடிப்பில் இரண்டு செவ்வந்தி இதழ்கள் விழாமல் அப்படியே இருந்தன. மகள் அவற்றைத் தோழியிடம் சுட்டிக்காட்டி, கட்டும்போது இதழ்களை நடுவில்தான் வைக்க வேண்டும் என்று விளக்கினாள்.

பதினொரு மணிக்குக் கிராம சபை. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களில் சுதந்திர தினமும் ஒன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கொடுத்த இந்த உரிமையை நகரத்தில் வாழும் நாம் அறிவதே இல்லை. மகளையும் அழைத்துச் செல்லலாமா என்று தோழியிடம் கேட்டேன். "பின்வரிசையில உக்காருங்க, சத்தம் போடாம இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

சமுதாயக் கூடத்தில் பெரும்பாலும் இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். செயலர் வரவு செலவுக் கணக்கை வேகமாகப் படித்துக்கொண்டு போனார். மகள் தூங்கி விழத் தொடங்கிய நேரத்தில், முன்வரிசையிலிருந்து வயதான ஒரு பெண் எழுந்தார். தோளில் போட்டிருந்த கம்பளித் துண்டைச் சரிசெய்துகொண்டு, "குழாய்க்குன்னு போன வருசமும் படிச்சீங்க. எங்க மேலூருக்குக் குழாய் எங்கங்க? அந்தப் பக்கத்த இன்னொரு தரம் படிங்க" என்றார். செயலர் பிறகு பேசலாம் என்றார். அந்தப் பெண் உட்காரவில்லை. பக்கத்திலிருந்த இன்னும் இருவர் எழுந்து நின்றார்கள். செயலர் பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தார், இம்முறை மெதுவாக.

மகள் முழுவதுமாக விழித்துக்கொண்டாள். "அந்தப் பாட்டி எதுக்கு சண்டை போடுறாங்க?" என்று என் காதில் கேட்டாள்.

"சண்டை இல்லை. கேட்கிறார். இன்றைக்குக் கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்" என்றேன். குமரனின் கதையோடு இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் கவனம் அங்கே இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

மேலூருக்குக் குழாய் நீட்டிப்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. படிக்கத் தெரிந்த பெண்ணொருத்தி அதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே பாட்டி கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்தாக, நாக்கை மடித்துக்கொண்டு எழுதினார். பின்னர் எல்லாருக்கும் தேநீரும் பன்னும் வந்தன. பாட்டி தம் பன்னில் பாதியைப் பிய்த்து மகளிடம் நீட்டி, எந்த ஊர் என்று விசாரித்தார். சேலம் என்றாள். "உங்க ஊருல தண்ணி வருதா கண்ணு?" என்று கேட்டார். "வாரத்துல ரெண்டு நாள் வரும்" என்று மகள் கணக்காகச் சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் தெருவில் கிடந்த காகிதக் கொடிகளை மஞ்சப்பையில் பொறுக்கினோம். காகிதக் கொடிகளை விழா முடிந்ததும் தரையில் எறியக் கூடாது என்று கொடி விதி சொல்கிறது. அவற்றைத் தனியிடத்தில் மரியாதையோடு அகற்ற வேண்டும். பக்கத்து வீட்டுச் சிறுவர்களும் சேர்ந்துகொண்டதால் பை நிறைந்துவிட்டது. உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைத்தோம். அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கதர்க் கொடியை மகளே மடித்தாள். சக்கரம் நடுவில் வராமல் ஓரமாகப் போனதால் பிரித்து மறுபடி மடித்து, அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு மேலே வைக்கச் சொன்னாள்.

இப்போது தோழியிடமிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு, "மேலூருக்குத் தண்ணி வந்துருச்சா?" என்றுதான் தொடங்குகிறாள். குழி தோண்டியிருக்கிறார்கள், குழாய் இன்னும் இறங்கவில்லை என்பது கடைசியாகக் கிடைத்த செய்தி. அடுத்த கிராம சபை அக்டோபர் 2 அன்று. அதற்கும் போக வேண்டும் என்கிறாள். பேருந்தில் இடம் கிடைத்தால் போவோம்.